காது கேளாதவர்களிடம் சர்வே எடுப்பது எப்படி? செட்டிநாட்டுப் பட்டறைத் தொழிலாளர் கணக்கெடுப்புக்கு யோசனை வேண்டும்

பள்ளத்தூர்_மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, கண்டாங்கித் தறி, மரவேலை, நகைவேலை என்று நம் பக்கத்துக் கைத்தொழில்களில் இருப்பவர்களின் கூலி, கடன், உடல்நலம் பற்றி ஒரு சர்வே எடுக்கப்போகிறோம். கேள்விகள் டேப்லெட்டில் இருக்கும். நாங்கள் வாசிப்போம், அவர்கள் சொல்வார்கள், நாங்கள் பதிவோம்.

பயிற்சியில் ஒன்று சொன்னார்கள்: காது கேளாதவர் இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு, 'பிறர் சொன்ன பதில்' என்று குறித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடலாமாம்.

முன்னோட்டத்துக்குப் போன ஒரு டைல்ஸ் பட்டறையில் அப்படி ஒருவர் இருந்தார். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு பிசகவில்லை. கூலியைக் கேட்டேன். முதலாளி முந்திக்கொண்டு ஒரு தொகை சொன்னார். நான் பதியும் வரை அந்த மனிதர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலாளி போன் வந்து வெளியே போனதும், பலகை ஓரம் சிந்திக் கிடந்த காய்ந்த சிமெண்டுத் தூளில் விரலால் ஒரு எண் எழுதினார். முதலாளி சொன்னதைவிடக் குறைவான எண். நான் படித்துவிட்டேன் என்று தெரிந்ததும் உள்ளங்கையால் அழித்துவிட்டார்.

டேப்லெட்டில் இருப்பது முதலாளி சொன்ன எண்தான். மாற்றினால் அவருக்கு என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. அவர் ஒருவருக்காக மட்டும் கேட்கவில்லை. அவரைப் போன்றவர்களிடம் முறையாகக் கேட்க ஒரு வழி வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை_டீச்சர்:

பயிற்சியில் சொன்னதை அப்படியே ஏற்காமல் கேட்டாயே, அதுவே நல்லது. நான் சிறப்பாசிரியராக இருந்தவள். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

காது கேளாதவர் என்று ஒரே கூட்டம் கிடையாது. வயதாகிக் காது மந்தமான அப்பத்தாவுக்குக் கொஞ்சம் சத்தமாக, முகம் பார்த்துப் பேசினால் போதும். எழுதிக் காட்டினாலும் படிப்பார்கள். பிறவியிலேயே கேட்காமல், காது கேளாதோர் பள்ளியில் படித்து, சைகை மொழியில் வளர்ந்தவர்கள் வேறு. அவர்களுக்குச் சைகைதான் மொழி. தனி இலக்கணம் உள்ள முழு மொழி அது. தமிழைக் கையால் காட்டுவது என்று நினைத்துவிடாதே. மூன்றாவதாகப் பள்ளிக்கே போகாதவர்கள். வீட்டுக்குள் அம்மாவும் அக்காவும் பழகின சாடைகள் மட்டும்தான் அவர்களிடம் இருக்கும். நம் கிராமங்களில் வயதானவர்களில் இப்படி உண்டு. மூவரிடமும் ஒரே படிவத்தோடு போக முடியாது.

இரண்டாவது, படிவத்தின் தமிழே நமக்குக் கஷ்டம். 'கடந்த பன்னிரண்டு மாதங்களில் தாங்கள் முறைசாரா நிதி ஆதாரங்களிலிருந்து கடன் பெற்றுள்ளீர்களா?' இதைக் கேட்கும் காதுள்ளவரே ஒரு நொடி நின்று யோசிப்பார்.

கோட்டையூர்க்காரன்:

டீச்சர் சொல்வது சரி. அப்படியானால் படிவத்தைக் கொச்சைத் தமிழில் சுருக்கமாக எழுதிக் கொடுத்தால் முடிந்தது அல்லவா? இன்று எல்லோரிடமும் போன் இருக்கிறது. என் பக்கத்து வீட்டுத் தையல்காரருக்குக் காது கேட்காது, அவருக்கு நான் வாட்ஸ்அப்பில் தமிழில்தான் செய்தி அனுப்புகிறேன். பதிலும் வருகிறது. தனியாக வீடியோ, மொழிபெயர்ப்பாளர் என்று போனால் ஒரு மாணவர் குழுவுக்குக் கட்டுப்படியாகுமா?

கைமொழி:

வணக்கம். எனக்குப் பிறவியிலிருந்து காது கேட்காது. காரைக்குடியில் அச்சகத்தில் வேலை. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தேன்.

கோட்டையூர் அண்ணனுக்கு: தையல்காரருக்கு 'நாளை சட்டை ரெடியா' என்று அனுப்பினால் புரியும். தினமும் வரும் வார்த்தை. 'மனச்சோர்வு அடிக்கடி ஏற்படுகிறதா' என்று அனுப்பிப் பாருங்கள். 'ஆமா' என்று வரும். பல பேர் புரியாவிட்டாலும் ஆமா போடுவார்கள். ஏன் என்றால் புரியவில்லை என்று சொன்னால் முட்டாள் என்று நினைப்பார்கள் என்ற பயம். சின்ன வயதிலிருந்து பழகிய பயம். தமிழை நாங்கள் காதால் கேட்டுக் கற்கவில்லை. கண்ணால் பார்த்து, எழுத்தாக, பள்ளியில், இரண்டாவது மொழியாகக் கற்றோம். என்னைப் போல நிறைய படித்தவர்களுக்குச் சரி. எல்லோருக்கும் இல்லை.

எங்கள் வீட்டுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு ஆசிரியர் வந்தபோது அம்மா முகப்பில் நின்று எல்லாப் பதிலும் சொன்னார். நான் இரண்டாம் கட்டில் இருந்தேன். நம் வீடுகள் நீளம், வாசலில் மணி அடித்தால் எனக்கு எப்படித் தெரியும்? பிறகு தாளைப் பார்த்தேன். என் தாய்மொழி தமிழ் என்று இருந்தது. அம்மாவுக்குத் தமிழ். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் தமிழ்ப் பேச்சு எப்போதும் இருந்ததில்லை. நான் யோசிப்பது, கனவு காண்பது, மனைவியோடு சண்டை போடுவது எல்லாம் சைகையில்.

வந்த ஆசிரியர் நல்லவர், அவர் மேல் கோபம் இல்லை.

ஓய்வு_ஆசிரியர்:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் பதில் எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது. நான் கணக்கெடுப்புப் பணிக்குப் போனவன். தாய்மொழிக் கேள்விக்கான விளக்கமே அப்படித்தான் இருந்தது. குழந்தைகள், காது கேளாத, வாய் பேசாதவர்கள் விஷயத்தில் அவர்களின் தாய் வழக்கமாகப் பேசும் மொழியை எழுத வேண்டும் என்பதுதான் விதி. ஆகவே அந்த ஆசிரியர் விதிப்படிதான் எழுதியிருக்கிறார்.

இதனால் என்ன ஆகிறது என்றால், 2011 கணக்கெடுப்பில் கேட்கும் திறன் குறைந்தவர்கள் சுமார் 50.7 லட்சம் என்று ஒரு எண் இருக்கிறது. அதில் முதுமையில் காது மந்தமானவர்களும் அடக்கம், பிறவியில் கேளாதவர்களும் அடக்கம். சைகை மொழி பேசுவோர் எத்தனை பேர் என்று அதிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் 2021 கணக்கெடுப்பில் பிரிட்டிஷ் சைகை மொழியை முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 22 ஆயிரம் என்று எண் உண்டு. முதன்மை மொழி எது என்று கேட்டு, சைகை மொழியைச் சொல்ல இடமும் கொடுத்ததால் கிடைத்த எண் அது.

2027 கணக்கெடுப்பில் நாமே இணையத்தில் பதிந்துகொள்ளும் வசதி வருகிறது. காது கேளாத பிள்ளைகளே தங்கள் விவரத்தைத் தாங்களே நிரப்பட்டும். வீட்டுப் பெரியவர்கள் அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்று என் மாணவர்களின் குடும்பங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மதுரை_புள்ளியியல்:

நான் சர்வே வடிவமைப்பில் வேலை செய்கிறேன். மாணவி கேட்டது இரண்டு தனித்தனி வேலை, அதைப் பிரித்துக்கொண்டால் நல்லது.

ஒன்று, உங்கள் மாதிரியில் தற்செயலாக வரும் காது கேளாதவரும் மற்றவர்களைப் போல நேரடியாகப் பதில் சொல்ல வசதி செய்வது. இது எல்லா சர்வேக்கும் கடமை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தகவல் தொடர்பு என்பதற்குள் சைகை மொழியும் வருகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றி இந்தியா 2007இல் ஏற்ற ஐநா உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, புள்ளிவிவரம் சேகரிப்பதைப் பற்றியே பேசுகிறது.

மற்றொன்று, காது கேளாத தொழிலாளர்களைப் பற்றியே ஏதாவது சொல்ல விரும்புவது. வீடுவீடாகக் குலுக்கல் முறையில் போனால் இந்தச் சின்ன வட்டாரத்தில் கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான் கிடைப்பார்கள். அதை வைத்துச் சதவீதம் போடக்கூடாது. ஒருவர் மூலம் இன்னொருவர் என்று சங்கிலியாகப் போகும் முறைதான் பொருந்தும். ஆனால் சங்கிலி ஒரே இடத்தில் தொடங்கக்கூடாது. ஒரே பள்ளியில் படித்தவர்கள் ஒருவரை ஒருவர்தான் காட்டுவார்கள். வெவ்வேறு பள்ளி, வெவ்வேறு தொழில், ஆண், பெண், சிவகங்கைப் பக்கம், புதுக்கோட்டைப் பக்கம் என்று பல முனையில் தொடங்குங்கள். வீட்டோடு இருக்கும் பெண்கள் இந்தச் சங்கிலியில் விடுபட்டுப்போவார்கள். அவர்களைத் தேடித்தான் போக வேண்டும்.

உடல்நலப் பகுதியில், பார்ப்பது, கேட்பது, நடப்பது போன்றவற்றில் உள்ள சிரமத்தை அளக்கும் வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளைப் பயன்படுத்துகிறீர்களா? ஆறாவது கேள்வி, உங்கள் வழக்கமான மொழியில் பேசும்போது பிறரைப் புரிந்துகொள்வதிலோ பிறருக்குப் புரியவைப்பதிலோ சிரமம் உண்டா என்பது. சைகை மொழி பேசுபவர் 'சிரமம் இல்லை' என்றுதான் சொல்வார், அது சரியான பதில். வீட்டார் சொன்னால் 'சுத்தமாக முடியாது' என்று சொல்வார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு முனை. பிறர் சொன்ன பதிலை நான் ஏன் நம்புவதில்லை என்பதற்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

குன்றக்குடி_மகள்:

என் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் காது கேட்காது. எனக்குக் கேட்கும். சைகைதான் என் முதல் மொழி.

'வீட்டில் கேட்கும் ஆள் இருந்தால் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்' என்று எந்தப் பயிற்சியிலும் இனிச் சொல்லாதீர்கள். அந்தக் கேட்கும் ஆள் பெரும்பாலும் ஒரு பிள்ளை. பத்து வயதில் டாக்டரிடம் அம்மாவின் மாதவிடாய்ப் பிரச்சினையை நான்தான் சொன்னேன். வட்டிக்காரர் திட்டியதை அப்பாவுக்கு நான்தான் சைகையில் சொன்னேன். திட்டில் பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். நீங்கள் கடன் பற்றிக் கேட்கும்போது ஒரு மகள் முன்னால் எந்த அப்பா உண்மையான தொகையைச் சொல்வார்?

மொழிபெயர்ப்பாளர் வைத்தாலும் யோசித்து வையுங்கள். நம் பக்கத்தில் சைகை மொழிபெயர்ப்பவர்கள் மிகக் குறைவு, அவர்களை எல்லோருக்கும் தெரியும். போலீஸ் ஸ்டேஷனுக்கும் அவரே, கல்யாணத்துக்கும் அவரே. குடிப்பழக்கம், வீட்டில் அடிதடி பற்றிக் கேட்கும்போது வெளியூர் ஆள் ஒருவரை வீடியோ அழைப்பில் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். அதோடு யார் வேண்டும் என்று அவரையே கேளுங்கள். பெண்களுக்குப் பெண்.

பள்ளத்தூர்_மாணவி:

அக்கா, நீங்கள் எழுதியதைக் குழுவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மிக்க நன்றி.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரும் சம்மதித்துவிட்டார். கேள்விகளைச் சைகை மொழியில் வீடியோ எடுத்து டேப்லெட்டில் வைக்கலாம் என்கிறார். எப்படிச் செய்வது? எங்கள் கேள்விகளை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து அப்படியே சைகையில் காட்டச் சொன்னால் போதுமா?

கைமொழி:

தங்கச்சி, அப்படியே காட்டினால் கெட்டுவிடும். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆள். கேமரா முன் நிற்பவர் காது கேளாதவராக இருக்க வேண்டும். காது கேட்கும் மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்து அர்த்தம் விளக்கட்டும். சைகை அவருக்குக் கற்ற மொழி, எங்களுக்கு வாழும் மொழி. பார்த்த உடனே வித்தியாசம் தெரியும்.

அப்புறம் கேள்வி. இந்தியச் சைகை மொழியில் என்ன, எங்கே, எவ்வளவு என்பது வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆமா, இல்லை என்று பதில் வர வேண்டிய கேள்விக்குப் புருவம் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் அது கேள்வியே இல்லை, நீங்கள் ஏதோ செய்தி சொல்கிறீர்கள் என்று ஆகிவிடும். முகம்தான் இலக்கணம். அதனால் ஆபத்தும் உண்டு. 'முதலாளி திட்டுகிறாரா' என்று கேட்கும்போது முகத்தில் கோபம் அதிகமாகக் காட்டினால், பதிலையும் நீங்களே சொல்லிக்கொடுத்தது போல் ஆகும். எடுக்கும்போது இதைக் கவனிக்க ஒருவர் தனியாக உட்கார வேண்டும்.

பொதுப் பெயர்கள் சிக்கல். தமிழில் 'புகையிலைப் பழக்கம்' என்று ஒரே வார்த்தை. சைகையில் விரலில் சிகரெட் வைத்து இழுப்பது போல் காட்டினால், வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டி 'எனக்குப் பழக்கம் இல்லை' என்பார். பீடி, சிகரெட், வாயில் அடக்குவது, மூக்குப்பொடி என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். 'முறைசாராக் கடன்' என்றால் வட்டிக்காரர், நகை அடகு, முதலாளியிடம் முன்பணம், சீட்டு என்று ஒவ்வொன்றாக. இதனால் உங்கள் ஒரு கேள்வி நான்கு கேள்வியாகும். தமிழ்ப் படிவத்தையும் அதே போல் நான்காக உடைத்துவிடுங்கள். அப்போதுதான் இரண்டும் ஒன்றாக இருக்கும். டைல்ஸ் பட்டறை அண்ணன்களுக்கும் அதுதான் நல்லது.

'கடந்த 12 மாதம்' என்று எண்ணாகச் சொல்லாதீர்கள். போன கொப்புடையம்மன் திருவிழாவிலிருந்து இன்று வரை என்று காட்டுங்கள். காரைக்குடியில் எல்லோர் மனதிலும் அந்த நாள் படமாக இருக்கும்.

பதிலுக்கு 'எப்போதும், அடிக்கடி, சில சமயம், எப்போதாவது, இல்லவே இல்லை' என்று ஐந்து வைப்பீர்கள். அடிக்கடிக்கும் சில சமயத்துக்கும் நடுவில் எங்கள் ஊர்ச் சைகையில் தெளிவான கோடு கிடையாது. ஐந்து கட்டம் வரைந்து, நிறைந்த கட்டம், முக்கால், பாதி, கால், காலி என்று வைத்தால் விரலை வைத்துவிடுவார்கள். சிரிக்கும் முகம், அழும் முகம் படம் மட்டும் வேண்டாம். எங்களுக்கு முகம் வேறு பல அர்த்தம் தரும்.

சொற்களுக்கு டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையத்தின் அகராதி இருக்கிறது. 2018இல் 3,000 சொல்லோடு தொடங்கி 2021இல் 10,000 ஆகிவிட்டது. இணையத்தில் வீடியோவாகப் பார்க்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து எடுத்தால் இங்கே வயதானவர்களுக்குப் புரியாது. பாளையங்கோட்டையில் படித்தவர் சைகை ஒன்று, சென்னையில் படித்தவர் சைகை ஒன்று. ஊர்ச் சைகையையும் சேர்த்துக் காட்டுங்கள்.

எடுத்த பிறகு சோதனை. தமிழ்ப் படிவத்தையே பார்க்காத ஒருவர் வீடியோவைப் பார்த்து, என்ன கேட்கிறார்கள் என்று தமிழில் எழுதட்டும். உங்கள் கேள்வியோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அப்புறம் பட்டறை ஆள் சிலரை உட்காரவைத்து, 'இந்தக் கேள்வியை நீங்கள் உங்கள் நண்பருக்குக் கேட்டுக் காட்டுங்கள்' என்று சொல்லுங்கள். அவர்கள் காட்டுவதில் எங்கே தப்பு என்று தெரிந்துவிடும். 'புரிந்ததா' என்று மட்டும் கேட்காதீர்கள். ஆமா என்றுதான் சொல்வார்கள்.

தேவகோட்டை_டீச்சர்:

தம்பி எழுதியதில் ஒரு எழுத்து மாற்ற வேண்டியதில்லை. பள்ளிக்குப் போகாதவர்கள் பற்றி மட்டும் சேர்க்கிறேன். அவர்களுக்கு இந்த வீடியோவும் புரியாது. காது கேளாத ஒருவரே நேரில் உட்கார்ந்து, படம், பொருள், நடிப்பு எல்லாம் வைத்து மெதுவாகக் கேட்க வேண்டும். ரூபாய் நோட்டைக் கையில் கொடுத்து 'ஒரு நாளுக்கு எத்தனை' என்று எடுத்து வைக்கச் சொல்லலாம். இதைக் காது கேட்கும் மொழிபெயர்ப்பாளரைவிட ஒரு காது கேளாதவர் அழகாகச் செய்வார். நான் கண்ணால் கண்டது.

கோட்டையூர்க்காரன்:

கைமொழி, உங்கள் விளக்கத்துக்கு நன்றி. எழுதிக் கொடுப்பது போதும் என்று நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் செலவுக் கேள்வி அப்படியே நிற்கிறது. மாதிரியில் சில பேர்தான் வருவார்கள் என்று புள்ளியியல்காரரே சொல்கிறார். அதற்கு இவ்வளவு வேலையா? இது வெளிநாட்டில் எங்காவது நடந்து பலன் தெரிந்திருக்கிறதா?

மதுரை_புள்ளியியல்:

நடந்திருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரில் காது கேளாதோர் நிறைய பேர் வாழ்கிறார்கள். அங்கே பொதுச் சுகாதார சர்வே போனில் எடுப்பார்கள். போனில் எடுத்தால் இவர்கள் வரவே மாட்டார்கள், யாருக்கும் அது குறையாகத் தோன்றவும் இல்லை. 2008இல் சமூகத்தாரும் ஆய்வாளர்களும் சேர்ந்து தொடுதிரையில் சைகை வீடியோவாகக் கேள்விகளை வைத்தார்கள். புகைப்பழக்கம் ஊரின் பொது அளவைவிடக் குறைவு என்றும், உடல் பருமனும், துணைவரால் வன்முறைக்கு ஆளாவதும், தற்கொலை முயற்சியும் அதிகம் என்றும் தெரிந்தது. அதுவரை அந்த நகரத்துச் சுகாதாரத் திட்டத்தில் இவை எதுவும் கண்ணில் படவில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 கேள்விகளைப் பிரிட்டிஷ் சைகை மொழியில் கொண்டுவந்து, அது சரியாக அளக்கிறதா என்று சோதித்து 2013இல் வெளியிட்டார்கள்.

செலவைப் பற்றி. பெரிய ஸ்டூடியோ வேண்டாம். நல்ல போன், ஸ்டாண்டு, சுருக்கமில்லாத ஒற்றை நிறத் துணி பின்னால், தோல் நிறத்திலிருந்து பிரிந்து தெரியும் கட்டம் போடாத சட்டை, முன்பக்கம் வெளிச்சம். தலை முதல் இடுப்பு வரை முழுதாகத் தெரிய வேண்டும், ஓரத்தில் சின்ன வட்டத்துக்குள் ஆளை அடைக்கக்கூடாது. ஒரு கேள்விக்கு ஒரு துண்டு வீடியோ, திரும்பப் பார்க்க ஒரு பட்டன். டேப்லெட்டிலேயே ஏற்றிவிடுங்கள், பட்டறைகளில் நெட் நம்ப முடியாது. 'புரியவில்லை', 'சொல்ல விருப்பமில்லை' இரண்டையும் சைகையில் வையுங்கள். ஒருமுறை எடுத்தால் அடுத்த ஆண்டு வேறு மாணவர்களுக்கும் உதவும். செலவில் பெரும்பகுதி ஆளுக்குக் கொடுக்கும் ஊதியமாக இருக்க வேண்டும், அதில் கை வைக்காதீர்கள்.

மறக்கக்கூடாத ஒன்று: அவர்கள் பதிலைச் சைகையில் வீடியோ எடுத்தால் முகத்தை மறைக்க முடியாது. மறைத்தால் பாதி மொழி போய்விடும். அதனால் முடிந்தவரை பதிலை அவர்களே திரையில் தொடட்டும். வீடியோ எடுத்தே ஆக வேண்டிய இடத்தில் அன்றே குறித்துக்கொண்டு அழித்துவிடுங்கள். அழிப்பீர்கள் என்பதை ஒப்புதல் கேட்கும் வீடியோவில் முதலிலேயே சொல்லுங்கள்.

குன்றக்குடி_மகள்:

இடம் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. பட்டறையில் கேட்காதீர்கள். முதலாளி தூரத்தில் நின்றாலும் சைகை கண்ணில் படும். மெதுவாகப் பேசுவது என்பது எங்கள் மொழியில் கிடையாது. அந்த டைல்ஸ் அண்ணன் ஏன் தூளில் எழுதினார் என்று இப்போது தெரிகிறதா? வீட்டில் கேட்டால் வளவில் உட்காருங்கள், மேலே திறந்திருப்பதால் நல்ல வெளிச்சம். உள்ளறைகளில் பகலிலேயே கை தெரியாது. மொழிபெயர்ப்பாளர் உங்கள் பக்கத்தில் உட்காரட்டும், பதில் சொல்பவர் எதிரில். நீங்கள் அவரைப் பார்த்துக் கேளுங்கள், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து 'அவரிடம் கேளுங்கள்' என்று சொல்லாதீர்கள். அவர் சைகையில் சொல்லும்போது குனிந்து டேப்லெட்டைப் பார்க்கக் கூடாது. நீங்கள் குனிந்ததும் அவர் பேச்சு நின்றுபோகும்.

பள்ளத்தூர்_மாணவி:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். முடிவுகள் இவை. பட்டறைக் கேள்விகளில் கூலி, கடன் இரண்டையும் பட்டறைக்கு வெளியேதான் கேட்போம், காது கேட்பவர்களிடமும் அப்படியே. முதலாளி சொன்ன அந்த எண்ணைப் பதிலாக வைக்காமல், 'பதில் பெறவில்லை' என்று மாற்றிவிட்டோம். அந்த அண்ணனை அவர் வீட்டில், அவர் சம்மதித்தால், மறுபடி கேட்போம். படிவத்தில் 'வீட்டில் பேசும் மொழி' என்ற இடத்தில் இந்தியச் சைகை மொழி, வீட்டுச் சாடை இரண்டும் சேர்ந்துவிட்டன.

கைமொழி அண்ணே, கேள்விகளை உடைத்து எழுதும் கூட்டத்துக்கே உங்களையும் இன்னும் இரண்டு பேரையும் அழைக்கலாம் என்று பேராசிரியர் சொல்கிறார். ஊதியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வசதிப்படுமா?

கைமொழி:

ஞாயிறு காலை சரி. அச்சகம் லீவு. ஒரு பெண்ணாவது கட்டாயம் இருக்க வேண்டும், என் மனைவி வருவாள். தேவகோட்டையில் மரவேலை செய்யும் ஒரு பெரியவரையும் கூட்டிவருகிறேன், அவர் பள்ளிக்குப் போகாதவர். தமிழ்ப் படிவத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். வட்ட மேசையாக இருந்தால் நல்லது, நீள மேசையில் கடைசி ஆள் கை தெரியாது.

தேவகோட்டை_டீச்சர்:

பெரியவருக்கு பஸ் செலவைப் படிவச் செலவில் முதல் வரியாகப் போடச் சொல். நானும் வருகிறேன்.